மெழுகுவர்த்தி மெஷின் இப்போது வேண்டாம் அண்ணா

அண்ணா, மகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் சீட் கிடைத்துவிட்டது, அவளோ வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கப் போகிறேன், மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்று நிற்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படிப்பில் சேர்த்துவிடுங்கள். மெஷினைத் தள்ளிப் போடுங்கள். ஆனால் மெழுகு மேல் இருக்கிற அவள் ஆர்வத்தை மட்டும் திட்டி அணைத்துவிடாதீர்கள், அதில் நிறைய வேலை இருக்கிறது.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற உங்களுக்கே இது தெரியும். சைசிங்கில் பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி ஏற்றும்போது கொஞ்சம் மெழுகும் சேர்ப்பதுண்டு, தறியில் இழை நுழைந்து போகும் விழுதுக் கண்ணியில் உரசி அறுந்துபோகாமல் வழுக்கிப் போவதற்காக. கூடிப்போனால் துணியிலிருந்து மெழுகைப் போக்குவதும் பாடு, சாயமும் திட்டுத்திட்டாக ஏறும். எந்த மெழுகு, எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதையே தனி. அந்த அறிவுதான் சம்பளம் வாங்கித் தரும்.

அதிகம் புழங்குவது பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது, மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் எடுக்கிறார்கள். மெழுகுவர்த்தி, தீக்குச்சி, பி.வி.சி. குழாய் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. டயர் ரப்பரில் கலந்தால் மெல்ல மேலே கசிந்து படலமாக நின்று, காற்றிலுள்ள ஓசோனால் ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்கும். மிக நுண்ணிய படிகங்களால் ஆன மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு வளைந்து கொடுக்கும், பேக்கிங் காகிதத்துக்கு அது. பிரேசில் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னபா 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். கார் பாலிஷிலும் மாத்திரையின் மேல்பூச்சிலும் பளபளப்பு தருவது அதுதான். நகை வார்ப்பில் முதலில் மெழுகில்தான் உருவம் எடுக்கிறார்கள், மேலே ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு, உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் வெள்ளியையோ தங்கத்தையோ வார்க்கிறார்கள். வெள்ளிக்குப் பெயர்போன நம் சேலத்தில் இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்.

இப்போது அவள் கேட்கும் வாசனை மெழுகுவர்த்திக்கு வருகிறேன். இணையத்தில் பார்த்துவிட்டு சோயா மெழுகு என்பாள். கண்ணாடிக் குவளைக்கு விற்கிற சோயா மெழுகில் பல ரகம் 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், இளகுவது அதற்கும் முன்னாலேயே தொடங்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பார்சல் வண்டிக்குள் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். 58-60 டிகிரியில் உருகும் பாரஃபினோ 62-64-ல் உருகும் தேன்மெழுகோ தாக்குப்பிடிக்கும். ஏற்காட்டில் தேனீப்பெட்டி வைத்திருப்பவர்களிடம் தேன் பிழிந்த பழைய அடையைக் கேட்டுப் பார்க்கலாம், வெந்நீரில் உருக்கி வடிகட்டினால் மெழுகு தனியாக மிதக்கும். அதில் உதட்டு பாம் செய்து பழகட்டும், செலவும் குறைவு.

ஒரே கண்டிப்பு, மெழுகை நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

மூன்று வருடமும் ஆய்வக வகுப்பை விடாமல் போகச் சொல்லுங்கள். உருகுநிலை, எண்ணெய் அளவு, கடினம் ஆகியவற்றைத் தானே சோதித்துப் பழகியவளுக்கு அழகுசாதனம், பெயிண்ட், பேக்கிங், ரப்பர் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் எம்.எஸ்சி.யா, சொந்தத் தொழிலா என்று அவளே சொல்வாள். இந்த லீவிலேயே உங்களுக்குத் தெரிந்த சைசிங் பட்டறைக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள், கஞ்சி காய்ச்சுகிறவர் பக்கத்தில் நிற்கட்டும்.