முதலில் எந்தக் கடன்? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வேலைக்குப் போய்ச் சில வருடமே ஆனவர்களும் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கடன் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு அக்கா. கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். தொகைகள் அவர்கள் தந்தவை. வட்டி வீதம் இடத்துக்கு இடம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பாலையூற்று: அக்கா, எனக்குச் சம்பளம் 75,000. தனியார் பட்டப்படிப்புக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் எடுத்தேன், மாதம் 8,500 கட்டுகிறேன். படிக்கும்போது அம்மாவின் நகையை 2 லட்சத்துக்கு 14 வீதத்தில் ஈடு வைத்தோம். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிறோம். "அரசாங்கக் கடனை முதலில் முடி" என்கிறா அம்மா. வீட்டுக்கு 35,000, என் செலவு 10,500.

தங்கச்சி, அம்மாவுக்கு அரசாங்கக் கடன் என்றால் பயம், அது நியாயமான பயம்தான். ஆனால் கணக்கு மறுபக்கம் நிற்கிறது. அந்தக் கடனின் வட்டியை உங்களுக்காக அரசாங்கம் வங்கிக்குக் கொடுக்கிறது. நீங்கள் முந்திக் கட்டினாலும் உங்களுக்கு ஒரு ரூபாவும் மிச்சமில்லை. நகை ஈடு வருடத்துக்கு 28,000 ரூபாவைத் தின்கிறது, வாங்கிய முதல் தொகை அப்படியே கிடக்கிறது.

ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 69,000 கைக்கு வருகிறது. எல்லாச் செலவும் கழித்தால் 15,000 மிச்சம். முதல் இரண்டு மாதத்து 30,000 ரூபாவை நகைப்பக்கம் கொண்டுபோகாமல் வேறு கணக்கில் வையுங்கள். மீட்ட நகை இரண்டு மாதத்தில் திரும்ப வங்கிக்கே போவதற்குக் காரணம் அநேகமாக ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, கையில் காசில்லாத நிலை. அதன்பிறகு மாதம் 15,000 வீதம் ஈட்டுக்குக் கட்டினால் 15 மாதத்தில் நகை வீட்டில். அந்த 15 மாதத்து வட்டி 20,000 ரூபாவுக்குள் நின்றுவிடும்.

கட்டும்போது கவனிக்க இரண்டு விஷயம். பகுதி பகுதியாகக் கட்டும் காசு முதலில் வட்டிக்குப் போகும், மிகுதிதான் முதல் தொகையிலிருந்து கழியும். ஆகவே ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் மிச்ச முதல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது, எல்லா நகையும் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால் பாதிக் காசு கட்டி ஒரு சங்கிலியை மட்டும் எடுக்க முடியாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வைக்கக் கேளுங்கள். வீடு மாறியிருந்தால் முகவரியையும் மாற்றுங்கள். தவணை தப்பினால் ஏல அறிவித்தல் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

கல்விக் கடனை முந்திக் கட்ட வேண்டாமே தவிர, பிந்தவும் கூடாது. சம்பளம் 25ஆம் திகதி வர, தவணை 20ஆம் திகதி கழிக்கப்படும் கணக்குகள்தான் அதிகம் பிசகுகின்றன. ஒரு மாதத் தவணையை எப்போதும் அந்தக் கணக்கில் கூடுதலாகக் கிடக்க விடுங்கள்.

கிண்ணியா: ராத்தா, மோட்டார் சைக்கிளுக்கு 3 லட்சம் வேண்டும், 36 மாதம். லீசிங் கொம்பனி 12 வீதம் என்கிறது, வங்கி 19 வீதம். லீசிங்தானே மலிவு?

இல்லை தம்பி. அந்த 12 வீதம் முழு 3 லட்சத்துக்கும் மூன்று வருடமும் போடப்படும் வட்டி. நீங்கள் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடும். வருடம் 36,000 வீதம் மூன்று வருடத்துக்கு 108,000. மொத்தம் 408,000, தவணை 11,333. வங்கியின் 19 வீதம் குறைந்துவரும் மிகுதிக்கு மட்டும். அதில் தவணை ஏறக்குறைய 11,000, மொத்தம் 396,000 அளவில் வரும். லீசிங்காரரின் 12 வீதத்தை வங்கி கணக்குப் போடும் முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய 21 வீதம்.

வீதத்தைக் கேட்காதீர்கள், தவணை அட்டவணையைக் கேளுங்கள். முதல் மாதத் தவணையில் வட்டி எவ்வளவு, இடையில் முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள், ஆவணச் செலவும் காப்புறுதியும் தனியா என்று பாருங்கள். வட்டியே வேண்டாம் என்று முராபஹா முறையில், அதாவது நிறுவனம் பொருளை வாங்கி இலாபம் வைத்து உங்களுக்கு விற்கும் முறையில், எடுப்பதானாலும் இதே ஒப்பீடுதான். அங்கே விற்கும் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், அதையும் மற்ற இடத்து மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நிலாவெளி: ஹோட்டல் வேலை. சீசன் ஐந்து மாதம் சேவைக் கட்டணப் பங்கோடு 90,000 அளவில் வரும். மற்ற ஏழு மாதமும் 40,000தான். மாரி தொடங்கினால் தவணை தடுமாறுகிறது.

வருடத்துக்கு 730,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 60,800. உங்கள் சம்பளம் 60,000 என்று நினைத்துக்கொள்ளுங்கள், 90,000 என்பதை மறந்துவிடுங்கள். சீசனில் மாதம் 30,000 வீதம் ஒதுக்கினால் 150,000 சேரும். மற்ற ஏழு மாதமும் 20,000 வீதம் எடுக்க 140,000 போதும். பத்தாயிரம் மிச்சம்கூட வரும்.

இந்தத் திட்டம் குழம்புவது ஒரே இடத்தில்தான்: ஒதுக்கிய முழுக் காசையும் ஒரு வருட நிலையான வைப்பில் போட்டுவிட்டு, நவம்பரில் அதை உடைப்பது. உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது. பாதியைச் சாதாரண சேமிப்பிலும் பாதியை மூன்று மாத வைப்பிலும் வையுங்கள். வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவு என்று வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அநேகர் இந்தப் படிவத்தைக் கேட்பதே இல்லை.

மாரி மாதங்கள் சும்மா போக வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் வகுப்பில் முதலிலிருந்து இருக்காமலே, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்கு ஆதாரக் கோவை கேட்பார்கள்: சேவைக் கடிதம், கடமைப் பட்டியல், வேலை செய்யும் படங்கள். சீசன் நடக்கும்போதே இவற்றைச் சேர்த்து வையுங்கள், முகாமையாளர் மாறினால் பிறகு கடிதத்துக்கு அலைய வேண்டிவரும்.

உவர்மலை: அக்கா, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், டேட்டாவையும் குறைத்துவிட்டேன். இனி எதைக் குறைப்பது?

சாப்பாட்டைத் திரும்பச் சாப்பிடுங்கள். டேட்டாவையும் போடுங்கள். வேலை விண்ணப்பமும் படிப்பும் அதில்தான் நடக்கிறது. பல்லு, கண்ணாடி, ஆங்கில வகுப்பு ஆகியவற்றிலும் கை வைக்க வேண்டாம்.

மின்சார பில்லில் பாருங்கள். மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் 60க்கும் சேர்த்துக் கட்டண முறையே மாறிவிடும், நிலையான கட்டணமும் கூடும். 61ஆவது யூனிட்தான் வீட்டிலேயே விலை கூடிய யூனிட். சின்னக் குடும்பம் ஒன்றின் கணக்கு: பிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் வீதம் 30. 75 வாட் மின்விசிறி எட்டு மணித்தியாலம், 18. ஒன்பது வாட் பல்ப் நான்கு, ஒவ்வொன்றும் ஐந்து மணித்தியாலம், 5.4. லப்டொப் மூன்று மணித்தியாலம், 5.4. கூட்டினால் 58.8. அயன்பெட்டியைத் தினமும் பத்து நிமிடம் எடுத்தாலே தாண்டிவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது பாவம். 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறிக்கு மாறினால் அதே எட்டு மணித்தியாலத்துக்கு 7 யூனிட்தான். பிரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. உடுப்பை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அயன் பண்ணுங்கள். மீட்டர் வாசிக்கும் திகதியைக் குறித்து, இருபதாம் நாளில் ஒருமுறை நீங்களே வாசியுங்கள். 40ஐத் தாண்டியிருந்தால் மிச்சப் பத்து நாளில் பிடிக்கலாம்.

மீனில் பாரையும் அறக்குளாவும் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்பதை மட்டும் கொஞ்சம் விடலாம். சூடையும் கீரியும் கரைவலை இழுக்கும் காலத்தில் மலிவு, சத்திலும் குறைவில்லை.

மூதூர்: ஃபோன் செயலியில் 20,000 கடன் எடுத்தேன். கைக்கு வந்தது 16,000. 14 நாளில் 20,000 கட்டச் சொல்கிறார்கள், பிந்தினால் என் ஃபோனில் உள்ளவர்களுக்கு அறிவிப்பார்களாம்.

இரண்டு கிழமைக்கு 25 வீத வட்டி அது. இன்னொரு செயலியில் எடுத்து இதை அடைக்க மட்டும் வேண்டாம். தொடர்புகள், படங்கள் ஆகியவற்றுக்கான அனுமதியை ஃபோன் அமைப்பில் உடனே நிறுத்துங்கள். செயலியை அழிக்க முன் ஒப்பந்தம், கழித்த தொகை, மிரட்டல் செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுத்து அது அனுமதி பெற்ற நிறுவனமா என்று கேளுங்கள். மிரட்டலுக்குப் பொலிசில் முறைப்பாடு. வீட்டாரிடம் இன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள், செயலிக்காரரின் பிடியே அந்த வெட்கத்தில்தான் இருக்கிறது.

சீனன்குடா: ஐம்பது பேர் வேலை செய்யும் இடம். அடிப்படைச் சம்பளம் 80,000, நான்கு வருடம் எட்டு மாதம் ஆகிறது. கொழும்பில் 110,000 தருகிறார்கள்: அடிப்படை 70,000, ஊக்குவிப்புக் கொடுப்பனவு 40,000. போகலாமா? அறை வாடகை 18,000 கேட்கிறார்கள்.

அடுத்த நான்கு மாதத்துக்குப் போகாதீர்கள் தம்பி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். உங்களுக்கு 40,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 2 லட்சம். இன்றைக்குக் கடிதம் கொடுத்தால் பூச்சியம். விலகிய 30 நாளுக்குள் முதலாளி பணிக்கொடையைக் கொடுக்க வேண்டும், தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். புது இடத்தில் நான்கு மாத அவகாசம் கேட்டுப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் அந்த 2 லட்சத்தையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

இனி 110,000 பற்றி. இப்போது கைக்கு 73,600. அங்கே சேமலாப நிதி 70,000க்கு மட்டும் பிடித்தால் 104,400 கைக்கு வரும். மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. கூடுவது 30,800. அறைக்கு 18,000 போக, வீட்டில் சாப்பிடும் சாப்பாட்டை வெளியில் மூன்று வேளையும் வாங்கினால் மிச்சம் அதிலேயே போய்விடும். இரவு ரயிலில் மாதம் ஒருமுறை வந்துபோகும் செலவு அதற்கு மேல். முதலாளி கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிய 3 வீதமும் அடிப்படை குறைந்ததால் மாதம் 1,500 குறைகிறது.

காசுக்காகப் போவதென்றால் நட்டம். இங்கே கிடைக்காத வேலையை அங்கே பழக முடிந்தால், இரண்டு வருடத்துக்கு அந்த நட்டத்தைப் படிப்புச் செலவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அந்த 40,000 நிச்சயமா, இலக்கு எட்டினால் மட்டுமா என்பதை நியமனக் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

அநுராதபுரச் சந்தி: இங்கே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா முடித்தேன். தனியார் நிறுவனம் ஒன்றில் பட்டமாக்க 9 லட்சம். கடன் எடுக்கட்டா?

ஐந்து வருடம், 16 வீதம் என்றால் தவணை 21,900, மொத்தம் 13 லட்சத்துக்கு மேல். பட்டம் கிடைத்த மாதமே சம்பளம் அதற்குக் கூடுதலாக உயர்ந்தால்தான் சரிவரும். உங்களுக்குப் பிடித்த வேலையின் இருபது விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் பட்டம் கட்டாயம், எத்தனையில் செய்துகாட்டிய வேலை கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். மென்பொருள் பக்கம் இரண்டாவதுதான் கூடுதலாக வரும்.

வேலை செய்துகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. எனும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் படிக்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் பயிற்சிப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதை முடிக்க முடியாவிட்டால் 9 லட்சப் படிப்பும் முடியாது, இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். தனியாரிலேயே சேர்வதென்றால் பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் இது தெரியவந்து அழுபவர்கள் உண்டு.

திருக்கடலூர்: கூடப் படித்தவன் பிணைக் கையெழுத்துக் கேட்கிறான். மறுக்க மனமில்லை.

அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும். நீங்கள் பிணை நின்ற விஷயம் கடன் தகவல் பணியகத்திலும், அதாவது கிரிப்பில், பதிவாகும். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டால் அதையும் உங்கள் பாரமாகப் பார்ப்பார்கள். மனம் மாறி ஒரு கடிதம் எழுதி விலக முடியாது, வங்கி ஒப்புக்கொள்ளும் வேறு பிணையாளி வந்தால்தான் விடுதலை. கிரிப் அறிக்கையைத் தன் பெயருக்கு யாரும் எடுக்கலாம். நண்பரை அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசுங்கள்.