குறைகேள் அதிகாரியிடம் போனால் விசாவுக்கு ஆபத்தா?

தம்பி, ரொறன்ரோவுக்கு முதுகலை படிக்க வந்த முதல் தவணையிலேயே, பிறர் எழுத்தை உங்கள் கட்டுரையில் எடுத்தாண்டதாகக் குற்றஞ்சாட்டிக் கடிதம் வந்திருக்கிறது என்கிறீர்கள். முறைப்பாடுகளை நடுநிலையாகக் கேட்கும் பல்கலைக்கழகக் குறைகேள் அதிகாரியிடம் போனால் பேராசிரியர் பகைத்துக்கொள்வாரா, விசாவுக்கு ஆபத்து வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். இந்த வாரமே போங்கள்.

அவரது அலுவலகம் குடிவரவுத் துறைக்குத் தகவல் அனுப்பும் இடம் அல்ல. நீங்கள் சம்மதிக்காமல் பேராசிரியரிடம் உங்கள் பெயரைக்கூட எடுக்கமாட்டார்கள். யாருக்காவது பாரதூரமான ஆபத்து என்பது போன்ற மிகச் சில சந்தர்ப்பங்களில்தான் அந்த இரகசியம் தளரும். பல்கலைக்கழக இணையத்தளத்தில் ‘ஒம்புட்ஸ்பேர்சன்’ (Ombudsperson) என்று தேடுங்கள். கட்டணம் கிடையாது.

கனடாவுக்கு இது புதிய ஏற்பாடும் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் 1965இலேயே மாணவர்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். வட அமெரிக்காவில் அதுதான் முதலாவது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் இருக்கிறது. அங்கே இந்த அதிகாரி பதில் சொல்வது ஆளுநர் சபைக்கு. எந்தத் துறைத் தலைவருக்கும் கீழே அவர் இல்லை. உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

ஆனால் அவர் உங்கள் வழக்கறிஞர் அல்ல, பேராசிரியரின் ஆளும் அல்ல. புள்ளியை மாற்றவோ தீர்ப்பை ரத்துச் செய்யவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. உங்களை நடத்திய முறை நியாயமானதா என்றுதான் பார்ப்பார். குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொன்னார்களா, பதில் சொல்ல அவகாசம் தந்தார்களா, முடிவுக்குக் காரணம் காட்டினார்களா என்று கேட்பார். குறை கண்டால் திருத்தும்படி பரிந்துரைப்பார்.

இதனால் என்ன பயன் என்று நினைக்காதீர்கள். என் அக்காவின் மகளுக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே சிக்கல் வந்தது. பூச்சியமும் இடைநிறுத்தமும் விதித்த தண்டனைக் கடிதத்தில் ‘விதியை மீறியிருக்கிறீர்கள்’ என்ற ஒரு வரியைத் தவிர விளக்கமே இல்லை. காரணம் தெரியாமல் எதை எதிர்த்து மேன்முறையீடு எழுதுவது? குறைகேள் அதிகாரி அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு நடந்ததைத் திகதி வாரியாக எழுதச் சொன்னார். அவளது சம்மதத்தோடு பீடாதிபதி அலுவலகத்தில் விசாரித்தார். காரணங்கள் எழுத்தில் வந்தன. மேன்முறையீட்டுக்கு மேலதிக அவகாசமும் கிடைத்தது. அந்தக் கட்டுரைக்குப் பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. மேன்முறையீட்டில் இடைநிறுத்தம் மட்டும் நீங்கியது. மாணவர் விசாவில் இருந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றில் மிகக் கவனம்: குறைகேள் அதிகாரியிடம் போனதால், பதில் சொல்லவோ மேன்முறையீடு செய்யவோ உள்ள காலக்கெடு நின்றுவிடாது. கடிதத்தில் உள்ள கடைசித் திகதியை இன்றே குறித்துவையுங்கள். அவகாசம் போதாவிட்டால் கெடு முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். விசா பற்றிய கேள்வியைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில், குடிவரவு ஆலோசனைக்கு உரிமம் பெற்றவரிடம் கேளுங்கள். அறைத் தோழர்கள் சொல்வதை நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

‘வாயை மூடிக்கொண்டு இரு, அடுத்த தவணை பார்க்கலாம்’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி மௌனமாக இருந்தே படிப்பை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள், செய்ததை மறைக்கவும் வேண்டாம்.

குறைகேள் அதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சல் நீளமாக இருக்கத் தேவையில்லை. எந்தப் பாடம், கடிதம் வந்த நாள், குற்றச்சாட்டுப் பற்றிய சந்திப்பு நடக்கும் நாள், நீங்கள் விளங்கிக்கொள்ள விரும்புவது என்ன, இவ்வளவு போதும். கடிதத்தையும் பாடத்திட்டத்தையும் கட்டுரையின் பழைய வரைவுகளையும் ஒன்றுகூட அழிக்காமல் அவரைச் சந்திக்கும்போது கொண்டுபோங்கள்.