பழமும் மதுவும்: ஊறும் சாடிக்குள் நடப்பது என்ன?

கடையில் வாங்கிய மதுவில் பழங்களை ஊறவைத்து வீட்டிலேயே மணமூட்டுவது குறித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: 700 மில்லி வோட்காவில் அரை கிலோ ஸ்ட்ராபெர்ரியை நறுக்கிப் போட்டு மூன்று வாரம் வைத்திருந்தேன். பழம் வெளுத்துவிட்டது. வடிகட்டிய மது மணமாக இருந்தாலும் நீர்த்துப்போய், லேசாகக் கசக்கிறது. வோட்கா தரமற்றதா, செய்முறை தவறா?

பதில்: வோட்காவில் குறை இருக்க வாய்ப்பில்லை. பழத்திலிருந்து வரும் தண்ணீரை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பழம் ஊறவைப்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ட்ராபெர்ரியின் எடையில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர். அதாவது அரை கிலோவில் சுமார் 455 மில்லி. ஆல்கஹால் அளவு 40 சதவீதம் உள்ள வோட்கா 700 மில்லியில் 280 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. பழத்தின் செல்களை ஆல்கஹால் சிதைத்ததும் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் ஆல்கஹால் உள்ளே புகுகிறது. சில நாட்களில் சாடி முழுவதும் ஒரே வலிமைக்கு வந்துவிடுகிறது. 280 மில்லி ஆல்கஹால் இப்போது 1,155 மில்லி திரவத்தில் பரவியிருப்பதால் உங்கள் மதுவின் வலிமை 24 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதன்மேல் சர்க்கரைப் பாகும் சேர்த்தால் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

சுவை நீர்த்துப்போவது மட்டுமே இதன் விளைவு என்றால் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் பழத்தைக் கெடாமல் காப்பதே ஆல்கஹாலின் வலிமைதான். 40 சதவீதத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை. 20 சதவீதத்துக்குக் கீழே போகப் போக அந்தப் பாதுகாப்பு தளர்ந்துகொண்டே வரும். 15 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டால், பழத்தோலில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட்டில் தாக்குப்பிடிக்கும் வகைகள் சர்க்கரையை நொதிக்கவைக்கக்கூடும். இறுக மூடிய புட்டிக்குள் அப்படி நேர்ந்தால் வாயு அழுத்தத்தில் புட்டியே வெடிக்கலாம். ஆகவே பழத்தை எடைபோட்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, முடிவில் எஞ்சும் வலிமையை முன்கூட்டியே கணக்கிடுங்கள். அதே அரை கிலோ பழத்தை 50 சதவீத மதுவில் போட்டிருந்தால் 30 சதவீதம் கிடைத்திருக்கும். 40 சதவீத மதுவிலேயே பழத்தைக் கால் கிலோவாகக் குறைத்திருந்தாலும் ஏறத்தாழ அதே அளவு கிடைத்திருக்கும்.

கசப்புக்குக் காரணம் நாட்கணக்கு. மென்மையான பழங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் நிறத்தையும் மணத்தையும் பெரும்பாலும் கொடுத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு விதைகளிலும் நார்களிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள்தான் இறங்குகின்றன. இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். மணம் கூடுவது நின்றுவிட்டது என்று நாக்கு சொல்லும் நாளிலேயே வடிகட்டிவிடுங்கள். எந்த அட்டவணையையும் விட அந்தச் சோதனையை நான் நம்புகிறேன். இப்போது கையில் இருப்பதைக் கொட்ட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடலாம்.

கேள்வி: எலுமிச்சைத் தோலை ஊறவைத்தேன். வடிகட்டியபோது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்த மது, சர்க்கரைப் பாகை ஊற்றியதும் பால்போல் கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, தோலின் எண்ணெயை மது நன்றாக உள்வாங்கியிருக்கிறது என்பதற்கே இது அடையாளம். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தோலில் லிமோனீன் என்ற எண்ணெய்ப் பொருள் மிகுதியாக உள்ளது. வலிமையான ஆல்கஹாலில் அது கரைந்து நிற்கும், தண்ணீரில் கரையாது. பாகிலுள்ள தண்ணீர் சேர்ந்து ஆல்கஹாலின் செறிவு குறைந்தவுடன், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதுதான் அந்த வெண்மை. குடிப்பதற்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

தெளிவாகவே வேண்டும் என்றால் பாகின் அளவைக் குறையுங்கள், அல்லது பாகில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். எப்படியானாலும் பாகு முற்றிலும் ஆறிய பிறகே கலக்க வேண்டும். 40 சதவீத மதுவின் ஆவி, சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. அடுப்புச் சுடர் எரியும் இடத்தில் மதுவைச் சூடாக்குவதோ, கொதிக்கும் பாகை அதில் ஊற்றுவதோ கூடாது.

தோலைச் சீவும்போது நிறமுள்ள மேற்பகுதியை மட்டும் எடுங்கள். அடியிலுள்ள வெண்பகுதி மணத்தைத் தராது. கசப்பை மட்டுமே தரும். நீண்ட நாள் கெடாதிருக்கப் பழங்களின்மேல் மெழுகு பூசுவது வழக்கம் என்பதால், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகே சீவ வேண்டும். தோலில் தண்ணீர் குறைவு; ஆகவே முந்தைய பதிலில் சொன்ன நீர்த்துப்போகும் சிக்கல் இங்கே அநேகமாக இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தோலையே நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

கேள்வி: வீட்டில் செய்யும் மதுவில் மெத்தனால் உருவாகிக் கண் பறிபோகும் என்கிறார்களே. ஊறவைத்ததையே காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து வடித்தெடுத்து வலிமையைக் கூட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு செயல்கள். ஊறவைக்கும்போது நொதித்தலும் இல்லை, வடித்தலும் இல்லை. ஏற்கெனவே தயாரிக்கப்பட்ட மதுவுக்குள் பழத்தின் மணம் இறங்குகிறது. முறையாக உற்பத்தியாகி முத்திரையுடன் விற்கப்படும் மதுவை நீங்கள் பயன்படுத்தும்வரை, ஊறவைப்பதால் ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை.

நண்பர் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். வீட்டு அடுப்பில் ஆல்கஹாலை வடிக்கும்போது கசியும் ஆவி ஒரு பொறியில் தீப்பிடிக்கும். பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றமும் ஆகும். சில இடங்களில் மதுவை வைத்திருப்பதற்கே தடை உண்டு என்பதால், தொடங்குமுன் உங்கள் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. தொழிற்சாலை ஸ்பிரிட், கைகழுவும் திரவம், ஆய்வகத்துக்கான ஆல்கஹால் ஆகியவற்றில் ஒரு துளிகூட இதற்கு ஆகாது. அவற்றில் மெத்தனாலோ வேறு நச்சுகளோ கலந்திருக்கலாம். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் பறிக்கிறது. பழத்தில் ஊறவைத்தாலோ துணியில் வடிகட்டினாலோ அது நீங்காது.

கேள்வி: செர்ரி, பிளம், பீச் ஆகியவற்றைக் கொட்டையோடு போடலாமா? கொட்டையை உடைத்துப் போட்டால் பாதாம் மணம் வருமாமே?

பதில்: உடைக்கவே கூடாது. அந்தப் பருப்புகளில் உள்ள அமிக்டலின், சிதையும்போது பாதாம் மணத்தோடு சயனைடையும் வெளியிடுகிறது. கொட்டையை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள்.

கேள்வி: எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது, எதில் சேமிப்பது? அழகான கிரிஸ்டல் குடுவை ஒன்று இருக்கிறது.

பதில்: இறுக மூடக்கூடிய கண்ணாடிச் சாடியே போதும். பிளாஸ்டிக்கிலுள்ள சில பொருள்களை ஆல்கஹால் கரைத்தெடுக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பழைய கிரிஸ்டல் குடுவைகளின் கண்ணாடியில் ஈயம் சேர்ந்திருக்கும். மது நாட்கணக்கில் அதில் இருந்தால் ஈயம் மதுவில் இறங்கும். ஆகவே அதைச் சேமிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

சாடியில் பழம் முழுவதும் மதுவுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே மிதந்து காற்றுபடும் துண்டுகள் பழுப்பேறும். வலிமை குறைந்த மதுவில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்துவிட்டால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள். பூஞ்சையின் நச்சுகளை ஆல்கஹால் அழிப்பதில்லை. சிவப்பு, ஊதா நிறப் பழங்களின் நிறமி வெளிச்சத்தில் மங்குவதால் சாடி இருட்டான இடத்தில் இருக்கட்டும். வடிகட்டும்போது முதலில் மெல்லிய துணி, பிறகு காபி வடிகட்டும் தாள். துணியைப் பிழியாமல் தானாகச் சொட்ட விடுங்கள். பிழிந்தால் பழத்திலுள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருளும் வண்டலும் இறங்கி மது கலங்கும். பொறுமை தேவைப்படும் ஒரே கட்டம் இதுதான். அவசரப்படுத்தினால் அதுவரை பட்ட பாடு வீணாகிவிடும்.

கேள்வி: ஊறிய பழத்தை என்ன செய்வது? சாறெல்லாம் இறங்கிவிட்டதால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: கொடுக்கவே கூடாது. முதல் பதிலில் சொன்னபடி பழமும் மதுவும் ஒரே வலிமைக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பழத்தின் ஈரப்பதத்திலும் 24 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குச் சிறிதளவு ஆல்கஹால்கூட இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைத்துவிடலாம். சாடியையும் வடிகட்டிய பழத்தையும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழச்சாறு போன்ற நிறமும் இனிப்பும் அவர்களை எளிதில் ஈர்க்கும். கர்ப்பிணிகளும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், மதுவோடு சேரக்கூடாத மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களும் அதைத் தொடக்கூடாது. கிரேப்ஃப்ரூட் ஊறிய மது என்றால் இன்னும் கவனம் தேவை. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் அந்தப் பழத்தால் இரத்தத்தில் அளவுக்கு மீறித் தேங்கும்.

மதுவருந்தும் பெரியவர்கள் மட்டும் உண்ணப்போகிறார்கள் என்றால், அந்தப் பழத்தைச் சர்க்கரையோடு மசித்து இனிப்பு வகைகளுடன் பரிமாறலாம்; அதில் மது இருக்கிறது என்பதை ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.