மேடையில் சிரிக்க வைக்கும் கவிஞர்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனில் நகைச்சுவைக் கவிஞர் ஒருவர் எங்கிருந்து மேலே வருகிறார்?

பதில்: பெரும்பாலும் கவிதை கேட்க வராதவர்களின் நடுவிலிருந்துதான். சால்ஃபோர்டில் 1949இல் பிறந்த ஜான் கூப்பர் கிளார்க், 1970களின் பிற்பகுதியில் பங்க் என்ற முரட்டு ராக் வகை இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளில் தனியாளாக ஒலிவாங்கியின் முன் நின்றார். மூச்சு விட இடமில்லாமல் வரிகளைக் கொட்டும் அவருடைய வேகம், இசைக்காகக் காத்திருந்த பொறுமையற்ற கூட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்தது.

கேள்வி: தொலைக்காட்சி ஒரே இரவில் உயர்த்திவிடாதா?

பதில்: நகைச்சுவைக் கவிஞர் பாம் அயர்ஸ் 1975இல் 'ஆப்பர்ச்சுனிட்டி நாக்ஸ்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியின் மூலம் நாடறிந்தவரானார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே நாட்டுப்புற இசை மன்றத்தில் வாசித்து, எந்த வரிக்குச் சிரிப்பு வரும் என்று அவர் பழகியிருந்தார்.

கேள்வி: என் கவிதையைத் தாளில் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள், மேடையில் எடுபடவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு வரிகளையே எடுத்துக்கொள்வோம்: "ஓடி உடல் இளைக்கவென்று காலணி வாங்கினேன்; அதைக் கட்டிலருகே வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்." 'வாங்கினேன்' என்று கேட்டதுமே அவையின் காது அதற்கு இயைபான சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறது. 'நன்றாக' என்பதற்குப் பின் அரை நொடி நின்றால், முன்வரிசையில் ஒருவர் அந்தச் சொல்லை உதட்டசைவில் சொல்லிப் பார்ப்பதை நீங்களே காணலாம்; சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான். நீங்கள் அந்த இடைவெளியைத் தராமல் அடுத்த வரிக்கு ஓடுகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாளில் படிப்பவர் தாமே நின்றுகொள்வார். மேடையிலோ நிற்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: நகைச்சுவைத் துறையினர் கவிஞரைத் தம்மில் ஒருவராக ஏற்பார்களா?

பதில்: ஏற்றிருக்கிறார்கள். குட்டிக் கவிதைகளைச் சீட்டுகளிலிருந்து வாசிக்கும் டிம் கீ, 2009இல் பிரிட்டனின் முக்கிய நகைச்சுவை விருதான எடின்பரோ நகைச்சுவை விருதையே வென்றார்.

கேள்வி: மேடையில் கவிதை சொல்லிப் புள்ளி பெறும் ஸ்லாம் போட்டியில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக. 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிய இந்த வடிவத்தில், பார்வையாளர்களிலிருந்தே நடுவர்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். பொதுவாக மூன்று நிமிடத்தைத் தாண்டினால் புள்ளி குறையும். அவை சிரிக்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதால், இரண்டரை நிமிடத்துக்கே எழுதிக்கொண்டு போங்கள்.