டர்பன் பிள்ளை எந்தப் பிள்ளை?

ஐயா, வணக்கம்.

என் மகளுக்கு டர்பனில் பிறந்து வளர்ந்த ஒருவரோடு திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் ‘பில்லே’ என்று போடுகிறார். பிள்ளைதான் அப்படி ஆகிவிட்டது என்கிறார். பூர்வீக ஊர் அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இங்கே உறவுக்காரர்கள் ‘எந்தப் பிள்ளைமார்?’ என்று துளைக்கிறார்கள். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

பெயரை மட்டும் வைத்து முடியாது. இங்கேயே முடியாதே! வ.உ.சிதம்பரம் பிள்ளை வேளாளர். நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். தகழி சிவசங்கரப் பிள்ளை நாயர். வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை அந்தணர். கணக்கப்பிள்ளை என்பதோ வேலையின் பெயர். தொல்காப்பிய மரபியலில் பிள்ளை ஒன்பது இளமைப் பெயர்களுள் ஒன்று, பறப்பவற்றின் குஞ்சுக்கு உரியது. கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. செல்லமாக அழைத்த சொல் மரியாதையாகி, பிறகு பட்டமாகியது; பலரும் அதைச் சூடிக்கொண்டார்கள்.

டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குழப்பம் இன்னும் கூடுதல். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் அங்கே இறங்கினார்கள். தமிழர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடு போனவர்கள். பின்னாளில் குடும்பப் பெயர் கேட்கப்பட்டபோது தகப்பன் பெயரோ, பாட்டன் பெயரோ, பட்டமோ அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. சின்னப்பிள்ளை என்ற இயற்பெயரின் வாலும் ‘பில்லே’ ஆகியிருக்கலாம். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று என்று அமைந்த குடும்பங்களும் உண்டு.

ஆனால் ஊரைத் தேடலாம். அதற்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. மாப்பிள்ளை வீட்டில் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி காலத்துத் தாள்களில் அந்த எண் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அவருடைய வரிக்கு நேராகப் போய்விடலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அந்த ஒரே வரியில் வரும். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எண் இல்லாமல் பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் தவறான ஆளிடம் போய் நிற்பீர்கள். முனியம்மாவும் ராமசாமியும் அதில் எத்தனையோ பேர். தகப்பன் பெயர், வயது, வந்த ஆண்டு மூன்றும் ஒத்துப்போகாமல் எதையும் நம்பாதீர்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள்.

உங்கள் உறவினர்கள் முதலில் பார்க்க விரும்பும் சாதிக் கட்டத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். அதில் இருப்பது புறப்பட்டவர் சொன்னது, அல்லது எழுத்தர் எழுதிக்கொண்டது. சில தமிழர்களுக்கு ‘மலபார்’ என்றே போட்டிருக்கிறார்கள். நிச்சயமான ஒரு திருமணத்தை அந்தக் கட்டத்தை நம்பிக் கலங்கவிடாதீர்கள்.

கிராமத்தின் பெயர் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் வந்தால் தாலுகாவைக் கொண்டு பிரியுங்கள். ஜில்லா அன்றைய ஜில்லா என்பதையும் மறக்கவேண்டாம். வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர்ப் பக்கத்தோடு நிறுத்தாமல், இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூர்ப் பக்கமும் தேடுங்கள்.