காசு கட்டியும் காதில் விளம்பரம்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மெஷின் ஓடும் நேரமெல்லாம் பாட்டோ கதையோ கேட்டுக்கொண்டிருப்பேன். தை மாதம் ஒரு ஆடியோ ஆப்பில் 1,199 ரூபாய்க்கு ஓராண்டுச் சந்தா போட்டேன். பணம் என் மகனின் கார்டில் போனது. ‘இனி விளம்பரத் தொல்லையே இல்லை’ என்று போனில் தமிழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். பாட்டுக்கு நடுவே எதுவும் வரவில்லை, அது உண்மை. ஆனால் சரித்திரக் கதை சொல்லும் பாட்கேஸ்ட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நகைச் சீட்டு விளம்பரம் வருகிறது. இன்னொன்றில் கதை சொல்பவரே பாதியில் நிறுத்தி ஒரு முதலீட்டு ஆப்பைப் புகழ்கிறார். புகார் செய்தால், ‘பாட்கேஸ்ட்டுக்கு இது பொருந்தாது, விதிமுறைகளில் இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் பதில். இப்போது இன்னொரு மெயில்: அடுத்த மாதத்திலிருந்து பாட்டுக்கு நடுவிலும் ‘குறைந்த அளவில்’ விளம்பரம் வருமாம், வேண்டாம் என்றால் மாதம் 49 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள், சில சமயம் அவர்களுக்காக ஸ்பீக்கரிலும் போடுவேன். என் பணம் திரும்பக் கிடைக்குமா? 1,199 ரூபாய்க்கு வழக்குப் போட்டால் சிரிப்பார்களா?

பதில்: சிரிக்க மாட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் பால் பாக்கெட், பஸ் டிக்கெட் சில்லறை போன்ற விஷயங்களுக்கெல்லாம் வழக்கு நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு குறை இல்லை, மூன்று குறைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால் பலவீனமானது பலமானதையும் இழுத்துக்கொண்டு விழும். எனவே பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். விளம்பரம் வருவது மட்டுமே குற்றமாகிவிடாது. நம் பெற்றோர் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டினார்கள். 1967இல் விவித பாரதி விளம்பரங்களை வாங்கத் தொடங்கிய பிறகு, காசு கட்டித்தான் சோப்பு விளம்பரமும் கேட்டார்கள். ‘விளம்பரம் வராது’ என்று அவர்களிடம் யாரும் சொல்லி விற்கவில்லை. உங்களிடம் அப்படிச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், அதுவும் தமிழில். உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன்னால் ஆப்பின் சந்தாப் பக்கத்தைத் திறந்து, அங்கே திட்டத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படம் பிடித்துவிடுங்கள். மெயில் வந்த பிறகு அந்த வாசகம் சத்தமில்லாமல் மாறிவிடும்.

‘விதிமுறைகளில் இருக்கிறது’ என்ற பதிலுக்கு வருவோம். கம்பெனிகள் எல்லாருக்கும் பாராயணமாகச் சொல்லும் பதில் இது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் பொறுப்புத் துறப்பு வாசகங்கள், அதாவது விளம்பரத்தின் காலடியில் பொடி எழுத்தில் வருமே அவை, எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பெரிய எழுத்தில் சொன்னதை அவை விளக்கலாம், ஆனால் அதற்கு முரணாக இருக்கக் கூடாது. முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது. விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் இருக்க வேண்டும். ‘விளம்பரத் தொல்லையே இல்லை’ என்பது தமிழில். ‘பாட்கேஸ்ட் நீங்கலாக’ என்பது ஆங்கிலத்தில், எத்தனையோ பக்கம் தள்ளி. உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு இதுதான்.

எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில பெரிய சேவைகள், பணம் கட்டினால் பாட்டு மட்டுமே விளம்பரமில்லாமல் வரும், பாட்கேஸ்ட்டில் விளம்பரம் வரலாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. விற்ற இடத்திலேயே அப்படித் தெளிவாகச் சொல்லியிருந்தால் அங்கே வழக்குக்கு இடமில்லை. உங்கள் ஆப் எந்த வார்த்தையைப் போட்டு விற்றது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அடுத்து, நகைச் சீட்டு விளம்பரத்தை அந்தக் கதைக்குள் நுழைத்தது யார்? வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். பாட்கேஸ்ட் என்பது பெரும்பாலும் அந்த ஆப்பின் சொந்தச் சரக்கு கிடையாது. கதை சொல்பவர் வேறெங்கோ ஒரு சர்வரில் ஏற்றி வைப்பார், உங்கள் ஆப் உட்பட பல ஆப்கள் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். விளம்பரம் மூன்று வழிகளில் உள்ளே வரலாம். கதை சொல்பவரே தன் குரலில் பேசிப் பதிவு செய்வது ஒன்று. அவருடைய சர்வர், நீங்கள் கேட்கும் நேரத்தில், உங்கள் ஊரைப் பார்த்து ஒரு விளம்பரத்தை ஒட்டி அனுப்புவது இரண்டாவது. ஆப் நடத்தும் கம்பெனியே தன் பங்குக்கு நுழைப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் ‘நாங்கள் வெறும் தபால்காரர்கள்’ என்று கம்பெனி வாதாடும், அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. மூன்றாவதில் தப்பிக்க இடமே இல்லை: விளம்பரம் இல்லை என்று காசு வாங்கிய அதே கை, விளம்பரத்துக்கும் காசு வாங்குகிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதே கதையின் அதே பகுதியை வேறொரு ஆப்பில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் விளம்பர இடைவெளி வந்தால் அது கதை சொல்பவரின் பக்கத்திலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். உங்கள் ஆப்பில் மட்டும் வந்தால், அல்லது விளம்பரம் ஓடும்போது திரையில் அந்த ஆப்பே விளம்பர அட்டை ஒன்றைக் காட்டினால், கம்பெனி மேல் சந்தேகம் வலுக்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவான பகுதியில் இந்த ஆண்டு அட்சய திருதியைச் சலுகை கேட்டால், அது பின்னால் ஒட்டப்பட்டது என்பதற்குச் சாட்சியே வேண்டாம். தேதியும் நேரமும் தெரியும்படி திரைப் பதிவு எடுத்து வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்று இணைக்கலாம். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பிடிப்பதில்லை என்றாலும், இணைத்துவிட்டால் ஒரு வாய்தா மிச்சம்.

கதை சொல்பவரே முதலீட்டு ஆப்பைப் புகழ்கிறார் என்றீர்களே, அதற்காக இந்தக் கம்பெனியிடம் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். அதை மனுவின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். ஆனால் அவர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பதைச் சொல்லாமல், தன் சொந்த அனுபவம் போலப் பேசினால் அது தனிப் புகார். அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதே 2022 நெறிமுறைகளில் இருக்கிறது. விளம்பரத்தை வேறு உள்ளடக்கம் போல வேடமிட்டுக் காட்டுவதை, 2023 நவம்பரில் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ (ஆப்பிலும் இணையத்திலும் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்தி) நெறிமுறைகள் பட்டியலிடும் 13 தந்திரங்களில் ஒன்றாகவும் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு மத்திய ஆணையத்துக்கு எழுதலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். உங்கள் பைக்குப் பணம் வராது. அந்த விளம்பரம் நிற்கலாம், அபராதமும் விழலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது உங்கள் கடைசி மெயிலைப் படித்துத்தான். ஓராண்டுக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, பாதியில் சரக்கை மாற்றுகிறார்கள். இது புது வழக்கம் இல்லை. பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் 2025 ஜூனில் இந்தியாவிலும் இப்படித்தான் விளம்பரத்தைக் கொண்டுவந்து, அது வேண்டாதவர்களுக்குக் கூடுதல் கட்டணம் வைத்தது. அமெரிக்காவில் சந்தாதாரர் தரப்பில் தொடுத்த வழக்கு 2025இல் தள்ளுபடியானது. சலுகைகளை மாற்றும் உரிமையை ஒப்பந்தமே கொடுக்கிறது, இது விலை உயர்வு ஆகாது என்பது அங்கே நீதிமன்றத்தின் பார்வை. கம்பெனி வக்கீல் இதை நிச்சயம் எடுத்து வீசுவார். பயப்பட வேண்டாம், அந்தத் தீர்ப்பு நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது.

நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒப்பந்தப்படி செய்து தருவதாக ஏற்றுக்கொண்டதில் குறை வைத்தாலே சேவைக் குறைபாடு. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடக்கம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைத் திணிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் ஒரு கட்டுமான நிறுவன வழக்கில் சொல்லியிருக்கிறது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனம்: ‘இந்த விதிமுறையே செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்று மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. ஈரோட்டில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டை மட்டும் வையுங்கள்.

எவ்வளவு கேட்பது? பெங்களூரில் ஒருவர் 4.05 மணிக் காட்சிக்குப் போக, விளம்பரம் முடிந்து படம் தொடங்க 4.30 ஆனது. 2025 பிப்ரவரியில் மாவட்ட ஆணையம் மனஉளைச்சலுக்கு 20,000, செலவுக்கு 8,000, நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சம் என்று மல்டிபிளெக்ஸ் மேல் உத்தரவு போட்டது. செய்தித்தாள்களில் அமர்க்களப்பட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம், தனிப்பட்ட புகாரைப் பொதுநல வழக்கு போல நடத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. தடைச் செய்தி முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை, அதனால் இன்னமும் பலர் அந்த ஒரு லட்சத்தை நினைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மீதி மாதங்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் விளம்பரமற்ற சேவை, அல்லது அந்த மாதங்களுக்கு உரிய பணம், சில ஆயிரம் இழப்பீடு, வழக்குச் செலவு. அளவாகக் கேட்டால் ஆணையம் காது கொடுக்கும்.

பணம் கட்டியது மகனின் கார்டு என்பதால் சிக்கல் இல்லை. பணம் கொடுத்தவரின் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஸ்பீக்கர் விஷயம்தான் உறுத்துகிறது. இத்தகைய சந்தாக்கள் பெரும்பாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. தொழில் நடக்கும் இடத்தில் மற்றவர்களுக்கும் கேட்கப் பாட்டைப் போடுவது பதிப்புரிமைச் சட்டத்தில் தனி உரிமம் கேட்கும் சங்கதி ஆகலாம். வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்றும் எதிர்த்தரப்பு கிளம்பும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவர்கள் வாங்கும் பொருட்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, சேவைக்கும் அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அந்தச் சண்டையை நீங்களே ஏன் அழைக்க வேண்டும்? பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதச் சொல்லவில்லை. இன்றிலிருந்து ஹெட்போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இனி நடைமுறை. ஆப்பில் குறைதீர் அலுவலர் என்று ஒருவரின் பெயரும் மெயிலும் இருக்க வேண்டும், 2020 மின்வணிக விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியதோடு நிற்காமல் அவருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் இந்த அளவு தொகை என்றால் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு 1,199 ரூபாயை விட வக்கீல் பீஸ் அதிகம்.

தரவில்லையென்றால் ஈரோடு மாவட்ட ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், ‘வழக்கெல்லாம் அங்கேதான்’ என்று விதிமுறை சொன்னாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி விடுகிறது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. (இதை எழுதும்போது என் ஜூனியர் முறைக்கிறார்.) மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

கடைசியாக ஆட்டோபே. அடுத்த தை மாதம் பணம் தானாகப் போகாமல் இருக்க, மகனின் வங்கி ஆப்பில் அந்த அனுமதியை இப்போதே ரத்து செய்யலாம். கார்டிலிருந்து எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அப்போது மறுக்கவும் வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் ஆப்புக்குள் போய்ச் சந்தாவையே ரத்து செய்வதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ரத்து செய்ததும் சில ஆப்களில் பழைய திட்டத்தின் பக்கமும் பில்லும் கண்ணில் படாமல் போய்விடும். பில், திட்டப் பக்கம், அந்த 49 ரூபாய் மெயில், மூன்றையும் உங்கள் மெயிலுக்கும் மகனின் மெயிலுக்கும் அனுப்பி வைத்துவிட்டு அப்புறம் ரத்து செய்யுங்கள்.