கோபியில் ஸ்னோடிராப் பூக்குமா? எதை, எங்கே, எப்போது நடுவது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிப்ரவரிக் குளிரில் மரத்தடியில் தலைகவிழ்ந்து பூத்திருந்த ஸ்னோடிராப் என்னும் சின்ன வெள்ளைப் பூக்களைப் பார்த்தாராம், அடுத்த முறை கிழங்கு கொண்டுவந்து தம் வீட்டு வாசலில் நட ஆசைப்படுகிறார், எந்த வகை நல்லது, எப்படி நட வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

கோபி வாசலில் அது நிலைக்காது, அம்மா. ஆனால் மகள் வீட்டுத் தோட்டத்தில் நீங்களே நட்டுவிட்டு வரலாம். கோபியில் நடுவதற்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வெள்ளைப் பூவும் இருக்கிறது.

நம் மண் அதற்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமன்று, சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் ஸ்னோடிராப் நன்றாகவே வளரும், நம் சுக்கான்கல் நிலமும் அதற்குப் பெரிய தடையாக இராது. தடையாக இருப்பது வெப்பம். கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கும் அந்தக் கிழங்கு, பல வாரங்கள் விடாத குளிரை உணர்ந்த பிறகே பூத்தண்டை ஒழுங்காக மேலே தள்ளும். நமக்கோ மார்கழியிலும் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஊட்டியில் உறைபனி விழுகிறதே என்று கேட்கலாம். அங்கே இரவில் உறைந்தாலும் பகலில் வெயில் 20 டிகிரியைத் தொட்டுவிடும், இந்தச் செடி கேட்பதோ இரவும் பகலும் தொடரும் குளிர். துலிப் கிழங்கைப் பிரிட்ஜில் வைத்துப் பூக்க வைப்பதுபோல இதையும் செய்யலாமா என்றால், ஸ்னோடிராப் கிழங்கு சிறியது, மெல்லிய தோலுடையது, வெளியே வைத்தால் விரைவில் காய்ந்து சுருங்கிவிடும். தப்பிப் பிழைத்து ஒரு பூ கொடுத்தாலும், அதன் பிறகு இலை பல வாரங்கள் பச்சையாக நின்று அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்க வேண்டுமே, நம் மாசி, பங்குனி வெயில் அந்த இலையை அதற்கு முன்பே பழுக்க வைத்துவிடும்.

கொண்டுவருவதிலும் சட்டச் சிக்கல் உண்டு. காட்டிலிருந்து கிழங்குகளைப் பெருமளவில் தோண்டி விற்றதால், ஸ்னோடிராப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதோடு, 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, நடவுக்கான கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் துணிக்கு நடுவே நாலு கிழங்கை வைத்து எடுத்துவருவது வேண்டவே வேண்டாம்.

இனி, மகள் வீட்டுத் தோட்டம். ஸ்னோடிராப்பில் ஏறத்தாழ 20 இனங்கள் உள்ளன; பெயரிட்ட வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அரிய வகையின் ஒற்றைக் கிழங்குக்குப் பல நூறு பவுண்டு கொடுப்பவர்களும் அந்த நாட்டில் உண்டு. முதல்முறை நடுபவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மரத்தடியில் தானாகப் பெருகிப் பரவ வேண்டுமென்றால், ஒடுங்கிய இலையுடைய சாதாரண இனமான கேலாந்தஸ் நிவாலிஸ் போதும். பூ பெரிதாகத் தெரிய வேண்டும், இடமும் சற்று வெயில் படுவது என்றால், சாம்பல் பூத்த அகன்ற இலையுடைய எல்வெசி என்ற இனத்தை வாங்கலாம். பளபளக்கும் பச்சை இலைக்கு வொரொனோவி என்ற இனம். மணம் வேண்டுமென்பவர்களுக்கு நான் சொல்வது எஸ். ஆர்னட் என்ற வகை. உயரமாக வளரும், வெயில் பட்டால் தேன் மணக்கும். எதை வாங்கினாலும் நாற்றுப்பண்ணையில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் கடைகளில் உலர்ந்த கிழங்காகவே இது கிடைக்கும். விலை மலிவுதான், ஆனால் உறைக்குள் எத்தனை நாள் கிடந்து காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கினால் கையால் அமுக்கிப் பார்த்து, கெட்டியாக, பூஞ்சணம் இல்லாமல் இருப்பதை மட்டும் எடுத்து, அன்றோ மறுநாளோ நட்டுவிட வேண்டும். என் கணிப்பில் அதைவிட நம்பகமானது, பூ முடிந்தவுடன் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, இலை பச்சையாக இருக்கும்போதே வேரோடு பெயர்த்து விற்கும் கொத்தை வாங்கி நடுவது. மாசியில் நீங்கள் அங்கே இருந்தால் அதுவே சரியான தருணம். இலையுதிர் மரத்தின் அடியில், குளிர்காலத்தில் வெளிச்சமும் கோடையில் நிழலும் கிடைக்கும் இடமாகப் பாருங்கள். மட்கிய இலையை மண்ணோடு கலந்து, தண்டு வெளுப்பிலிருந்து பச்சையாக மாறும் கோடு மண்மட்டத்தில் இருக்குமாறு புதைத்து, உடனே தண்ணீர் விட வேண்டும். உலர் கிழங்கானால் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம். மண் ஈரத்தைப் பிடிக்கலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இலை தானாகப் பழுத்துச் சாயும்வரை அந்த இடத்தில் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்பதை மருமகனிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். சில ஆண்டுகளில் கொத்து நெருக்கமானதும் இதே பருவத்தில் பிரித்து நட்டால் பெருகும்.

கோபிக்கு என் தேர்வு வெள்ளை மழை லில்லி. நர்சரிகளில் ரெயின் லில்லி என்று கேட்டால் தருவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஸ்னோடிராப்பின் குடும்பமேதான், உயரமும் ஏறக்குறைய ஒரு சாண். குளிர் அதற்குக் கிழங்கை எழுப்பும் மணி என்றால், மழை இதற்கு. காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை பெய்து சில நாளில் மொட்டுகள் ஒரே நேரத்தில் மேலே வரும். பூ தலைகவிழாது, நிமிர்ந்து விரியும். அந்தக் கவிழ்ந்த அழகுதான் வேண்டுமென்றால் இது ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மழை தொடங்கும்போதோ, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலோ நடலாம். அரை நாளாவது வெயில் படும் வாசலோரமாகத் தேர்ந்தெடுத்து, மட்கிய தொழுவுரம் கலந்து, ஒரு விரல்கட்டை அளவு மண் மூடுமாறும், கிழங்குக்குக் கிழங்கு நாலு விரல்கட்டை இடைவெளி இருக்குமாறும் நட வேண்டும். ஒன்றிரண்டாக நட்டால் எடுபடாது. இருபது, முப்பது கிழங்குகளைக் கூட்டமாக நட்டால்தான் வாசல் வெள்ளையாகத் தெரியும். வேர் பிடித்த பிறகு தினமும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இரண்டு வாரம் காயவிட்டு ஒருநாள் நன்றாக நனைத்தால், மழையில்லாத மாதத்திலும் சில பூக்களை வரவழைக்கலாம்.

வெள்ளையோடு மணமும் வேண்டுமென்றால், உங்கள் பக்கத்துச் சத்தியமங்கலம் தோட்டங்களில் விளையும் சம்பங்கி இருக்கிறது. அதன் வகைகளில் பிரஜ்வல் ஒற்றையடுக்குப் பூ, சுவாசினி பல அடுக்கு. 25 முதல் 30 கிராம் எடையுள்ள முற்றிய கிழங்காக எடுத்து, சில வாரம் நிழலில் ஆறவைத்து நட வேண்டும். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம் ஒட்டிய வீடு என்றால் மண் எப்போதும் நசநசவென்றிருக்கும், அங்கே மேட்டுப்பாத்தி போட்டே சம்பங்கியை நட வேண்டும். மழை லில்லி அந்த ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும், பூதான் சற்றுக் குறையும்.

ஸ்னோடிராப், மழை லில்லி இரண்டின் கிழங்கிலும் நஞ்சு உண்டு. சின்ன வெங்காயம்போல் இருப்பதால் மீதிக் கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். வீட்டில் ஆடு, கன்றுக்குட்டி இருந்தால் அவை எட்டாத பாத்தியில் நடுங்கள்.